ஓய்வு எனும் மருந்து: ஒரு வழக்கத்தை எண்கள் எடைபோட்ட வரலாறு

முதுகு பிடித்துக்கொண்டவரைக் கட்டிலில் பலகை போட்டு மல்லாந்து படுக்க வைப்பது, 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல நாட்டு மருத்துவர்கள் எழுதித் தந்த சிகிச்சை. ஒரு வாரம், இரண்டு வாரம், வலி விடாவிட்டால் இன்னும் சில வாரம். மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு இடுப்பில் பட்டை கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடையைத் தொங்கவிட்டு இழுவை வைப்பார்கள். இன்று அதே வலியோடு வருபவரிடம் இயன்முறை மருத்துவர் நேர்மாறாகச் சொல்கிறார்: முடிந்தவரை நடமாடுங்கள், வேலையை விடாதீர்கள். ஒரே தலைமுறைக்குள் ஓர் அறிவுரை தலைகீழானது எப்படி என்று கேட்டால், ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது என்ற பதில்தான் வழக்கமாக வரும். அது பாதிப் பதில். ஆராய்ச்சி எண்களைத் தந்தது. அந்த எண்களை வாசிக்கக் கற்றுக்கொள்ள இன்னொரு நீண்ட காலம் பிடித்தது. வேறுபாடு உண்டா இல்லையா என்பதோடு நின்றுவிடாமல், அது எவ்வளவு, எவ்வளவு உறுதி, நோயாளிக்கு அதனால் என்ன பயன் என்று கேட்கத் தொடங்கிய பிறகே எண்கள் சிகிச்சைக்கு உதவின. படுக்கை ஓய்வின் வரலாறு இதைத்தான் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஓய்வு மருந்தானதற்குத் தக்க காரணம் இருந்தது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860 முதல் 1862 வரை ஆற்றிய உரைகள் 1863இல் நூலாயின. வலி என்பது உடல் ஓய்வு கேட்கும் குரல் என்பது அவற்றின் சாரம். லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ், காசநோய் தாக்கிய மூட்டுகளை அசையவிடாமல் நீண்ட நாள் கட்டிவைத்துக் குணப்படுத்த முயன்றார். அவர் பெயர் தாங்கிய தொடைக் கட்டு இன்றும் வழக்கில் இருக்கிறது. கிருமிக்கு மருந்தில்லாத அந்நாளில், முறிந்த எலும்பும் சீழ் பிடித்த மூட்டும் அசையாதிருந்தால் ஆறுவதைக் கண்ணால் காண முடிந்தது. பிறகு அந்த உண்மை தன் எல்லையைத் தாண்டியது. ஃபிலடெல்ஃபியாவின் வியர் மிட்செல் 1870களில் நரம்புத் தளர்ச்சிக்கு வாரக்கணக்கில் படுக்கையை விதித்தார். படுத்தே கிடப்பவர்களின் தசை சோர்ந்துபோகாமலிருக்க உடல் பிடித்துவிடுவதும் மின்தூண்டலும் அந்தச் சிகிச்சையோடு சேர்ந்தே வந்தன. அம்முறை பிரிட்டனுக்குப் பரவியபோது, பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்குத் தேவை பெருகியது. 1894இல் லண்டனில் நான்கு செவிலியர் தொடங்கிய மசாஜ் பணியாளர் சங்கமே பின்னாளில் பிரிட்டனின் இயன்முறை மருத்துவச் சங்கமாக வளர்ந்தது. ஆளை எழுப்பி நடக்க வைப்பதைத் தன் அடையாளமாகக் கொண்ட ஒரு தொழிலின் வளர்ச்சியில், படுக்கை ஓய்வுக்கும் இப்படி ஒரு பங்கு இருந்திருக்கிறது.

படுக்கையின் மீது முதல் ஐயத்தை எழுப்பியவை பெரிய ஆய்வுகள் அல்ல. கூர்ந்து கவனித்த மருத்துவர்களின் கண்கள். லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947இல் எழுதிய கட்டுரையில், நெடுநாள் படுத்திருப்பவரின் தோல், தசை, எலும்பு, இரத்தக்குழாய், சிறுநீரகம், மனம் என ஒவ்வொன்றுக்கும் நேரும் கேட்டை அடுக்கிக் காட்டினார். 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும், மாரடைப்பு வந்தவர்களைக் கட்டிலில் கிடத்தாமல் நாற்காலியில் அமர்த்திப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டனர். 1966இல் டல்லஸ் நகரில் 5 இளைஞர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் படுக்கையிலேயே இருந்தார்கள்; உழைக்கும்போது அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்தது. ஆனாலும் முதுகுவலிக்காரர்களுக்கான படுக்கைச் சீட்டு நிற்கவில்லை. மருத்துவரின் கண்முன்னே அது வேலை செய்துகொண்டிருந்ததுதான் காரணம்: படுத்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் எழுந்து நடந்தார்கள்.

அந்தக் காட்சி பொய்யில்லை. அதற்குக் கற்பித்த காரணம்தான் தவறு. திடீரென வரும் இடுப்புவலியில் பெரும்பகுதி எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சில வாரங்களில் தணியும் இயல்புடையது. அதோடு, வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் ஒருவர் மருத்துவரைத் தேடிப் போகிறார். ஏறி இறங்கும் எதையும் உச்சியில் வைத்து அளந்தால், அடுத்த அளவு பெரும்பாலும் கீழேதான் இருக்கும். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டு ஃபிரான்சிஸ் கால்டன் 1886இல் விளக்கிய, சராசரி நோக்கித் திரும்பும் போக்கு இதுவே. ஆகவே நாள்காட்டி செய்த வேலைக்குக் கட்டில் பெயர் வாங்கியது. உடலைப் பிடித்துவிட்டவரும் எடை கட்டியவரும் வெப்ப ஒத்தடம் கொடுத்தவரும் அதே பெயரைத் தத்தம் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். தன் கையால் குணமானது என்று நம்புவதற்கு நேர்மையின்மை தேவையில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாதிருந்தாலே போதும்.

அந்த ஒப்பீட்டை மருத்துவம் மெல்லத்தான் கற்றது. பாரிஸில் பியர் லூயி 1830களிலேயே நிமோனியா நோயாளிகளை எண்ணிக் கணக்கிட்டு, இரத்தம் வடிய விடுவதால் பெரும் பயனில்லை என்று காட்டினார். ஆனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர் மனம் தீர்மானிக்காமல், சீட்டுக் குலுக்கலைப் போன்ற தற்செயலுக்கு விடும் ஏற்பாடு உறுதியாக வேரூன்றியது 1948இல்தான். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் காசநோயாளிகள் 107 பேர் இப்படி இரு குழுவானார்கள். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். மருந்து பெறாதவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை படுக்கை ஓய்வு மட்டுமே. மருந்தின் வெற்றி என்றே உலகம் கொண்டாடிய அந்த ஆய்வில், அன்றைய சிறந்த சிகிச்சையாகக் கருதப்பட்ட ஓய்வு தனித்து நின்றால் எவ்வளவு தாங்கும் என்பதும் பதிவாகிவிட்டது.

அடுத்த அடி சென்னையில் விழுந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், ஏழை நோயாளிகள் 193 பேரைத் தற்போக்காகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்தது. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் செவிலியர் கவனிப்பும் இருந்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பும் குறைந்த உணவுமே கிடைத்தன. ஓராண்டு முடிவில் சானடோரியத்தின் கணக்கு சற்றே மேலாக இருந்தாலும், இரண்டும் நெருங்கியே நின்றன. தொடர்ந்து கண்காணித்தபோது, வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதோ, உடன் வாழ்ந்தோருக்குத் தொற்றுவதோ அதனால் கூடவில்லை. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, கட்டில்களோ மிகக் குறைவு. கட்டிலால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது, மறுக்கப்படுவோர் மிகப் பலர் என்ற எடைபோடலே வீட்டுச் சிகிச்சையை உலகுக்கு ஏற்புடையதாக்கியது. இரு குழுவும் அச்சாக ஒன்று என்று யாரும் மெய்ப்பிக்கவில்லை. எஞ்சிய வேறுபாடு எவ்வளவு பெரியதாக இருக்க முடியும், அதற்கு விலை என்ன என்று கணக்குப் பார்த்தார்கள். எண்ணை வாசிப்பது என்பது இதுதான்.

முதுகுவலிக்கு இந்தக் கணக்கு வர இன்னும் முப்பது ஆண்டு ஆயிற்று. 1986இல் ரிச்சர்ட் டெயோவும் உடன் ஆய்ந்தோரும் அமெரிக்காவில் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரை 2 நாளும் மறு சாராரை 7 நாளும் படுக்கச் சொன்னார்கள். 7 நாள் சொல்லப்பட்டவர்களில் பலர் அவ்வளவு படுக்கவில்லை. அப்படியும் 2 நாள் குழு வேலைக்குப் போகாதிருந்தது சராசரி 3.1 நாள், 7 நாள் குழு 5.6 நாள். பி மதிப்பு 0.01. உடல் அசைவிலும் வலியின் உணர்விலும் வேறுபாடு தெரியவில்லை. இந்த முடிவு 45 விழுக்காடு குறைவு என்றே பெரும்பாலும் பரவியது. அதையே இரண்டரை நாள் என்று சொன்னால் வேறு படம் கிடைக்கிறது. தினக்கூலிக்காரருக்கு இரண்டரை நாள் கூலி பெரிது. வலி எப்போது தீரும் என்று மட்டும் கேட்பவருக்கு இந்த ஆய்வு ஒன்றும் தரவில்லை. இரண்டு வாசிப்பும் அதே அட்டவணையிலிருந்து வருகின்றன. பி மதிப்பு இவற்றில் எதையும் சொல்லாது. இரு குழுவுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவோ இதைவிட மிகுதியாகவோ வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு 100க்கு 1 என்பது மட்டுமே அதன் பொருள்.

அந்த ஒற்றை எண் நீதிபதியின் இருக்கையில் ஏறியதும் ஒரு வழக்கத்தின் கதைதான். ரொனால்ட் ஃபிஷர் 1925இல் ஆய்வாளர்களுக்காக எழுதிய புள்ளியியல் நூலில், 20க்கு 1 என்ற அளவை வசதியான எல்லையாகக் குறித்தார். வேளாண்மை ஆய்வுகளிடையே பணியாற்றிய அவருக்கு, எந்த முடிவை மேலும் துருவிப் பார்ப்பது என்று பொறுக்க அது உதவியது. பின்வந்தவர்கள் கையில் அந்த 20க்கு 1, அதாவது 0.05, கோட்டைச் சுவராயிற்று: அதற்கு இப்பால் இருந்தால் சிகிச்சை பலிக்கும், அப்பால் இருந்தால் பலிக்காது. ஜெர்சி நெய்மன் 1930களிலேயே நம்பிக்கை இடைவெளி என்ற வேறொரு கருவியைத் தந்திருந்தார். ஒரே ஆய்வைப் பலமுறை நடத்தி ஒவ்வொரு முறையும் இப்படிக் கீழெல்லை, மேலெல்லை வகுத்தால், 100இல் 95 இடைவெளிகள் உண்மை அளவைத் தமக்குள் கொண்டிருக்கும். மார்ட்டின் கார்ட்னரும் டக்ளஸ் ஆல்ட்மனும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பி மதிப்பை விட்டு இந்த இடைவெளியைத் தாருங்கள் என்று எழுதியது, டெயோவின் ஆய்வு வெளியான அதே 1986இல். படுக்கை ஓய்வுக்குச் சோதனை வந்த ஆண்டிலேயே, சோதனையை வாசிக்கும் வழக்கத்துக்கும் சோதனை வந்தது.

1995இல் ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு ஒரு படி மேலே போனது. இரண்டு நாள் படுக்கை, முதுகுப் பயிற்சி, வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலை என்று மூன்று குழு. மூன்றாவது குழுவே நன்றாகத் தேறியது, படுத்தவர்கள் தேறுவதுதான் மிகவும் தாமதமானது. நான்கு ஆண்டு கழித்து நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில், கால்வரை பாயும் சயாட்டிகா வலிக்கு 183 பேரை ஆராய்ந்தார்கள். இரண்டு வாரம் கழித்து, படுத்திருந்த 92 பேரில் 64 பேரும் படுக்காத 91 பேரில் 59 பேரும் முன்னேறியதாகச் சொன்னார்கள். 70 விழுக்காடு, 65 விழுக்காடு. பன்னிரண்டு வாரத்தில் இரு பக்கமும் 87 விழுக்காடு. கோட்டைச் சுவர் வாசிப்பில், படுக்கைக்குப் பலனில்லை என்பதோடு விஷயம் முடியும். ஆனால் அந்த எண்ணிக்கைகளை வைத்துக் கணக்கிட்டால், இரண்டு வார வேறுபாட்டின் 95 விழுக்காட்டு இடைவெளி, படுத்தவர்களுக்கு ஏறத்தாழ 9 புள்ளி பாதகம் தொடங்கி 18 புள்ளி சாதகம் வரை நீள்கிறது. 100க்கு 18 பேர் கூடுதலாக முன்னேறுவது சிறிய செய்தியல்ல. அந்தச் சாத்தியத்தை இந்த ஆய்வு தனியாக மூடிவிடவில்லை. சான்று இல்லாமை, இல்லாமைக்குச் சான்று ஆகாது என்று ஆல்ட்மனும் மார்ட்டின் பிளாண்டும் 1995இல் எச்சரித்தது இத்தகைய இடத்துக்குத்தான். படுக்கையை வேண்டாம் என்றது சரியே. ஆனால் அதற்குக் காரணம் ஓர் எண் கோட்டைத் தாண்டாதது அன்று; பன்னிரண்டாம் வாரத்தில் லாபம் மறைந்ததும், மற்ற ஆய்வுகள் ஒரே திசையில் சாய்ந்ததும், படுக்கைக்கு உடல் தரும் விலை நன்கு தெரிந்திருந்ததுமே.

படுக்கை தோற்றது என்றால் எழுப்புவது எப்போதும் வெல்லும் என்று எண்ணத் தோன்றும். பக்கவாதச் சிகிச்சையில் அந்த எண்ணம் வலுவாக வளர்ந்தது. ஜூலி பெர்ன்ஹார்ட் என்ற ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர் தலைமையில் 5 நாடுகளின் 56 மருத்துவமனைகளில் 2,104 நோயாளிகள் இடம்பெற்ற ஆய்வு 2015இல் வெளியாயிற்று. பக்கவாதம் தாக்கிய 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, தீவிரமாக நடமாட வைத்த குழுவில் மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 1,054இல் 480. வழக்கமான கவனிப்பில் 1,050இல் 525. அதாவது 46க்கு எதிராக 50 விழுக்காடு. மாஸ்ட்ரிக்டிலும் இங்கும் வேறுபாடு ஏறத்தாழ 5 புள்ளியே. அங்கே 183 பேர் என்பதால் இடைவெளி இரு பக்கமும் பரந்து கிடந்தது. இங்கே இரண்டாயிரம் பேர் என்பதால் அது குறுகி, முழுவதும் பாதகப் பக்கத்தில், சுழியருகே தொடங்கி 9 புள்ளிவரை நிற்கிறது. வயதையும் நோயின் கடுமையையும் கணக்கில் கொண்டு திருத்திய வாய்ப்பு விகிதம் 0.73 என்று ஆய்வு தந்தது. அதை 100க்கு 27 பேர் நலம் இழந்தார்கள் என்று வாசித்தால் பெரும் பிழை. அந்த விகிதம் நலமானோரை நலமாகாதோரால் வகுத்து ஒப்பிடுவது, தலைகளை எண்ணுவதல்ல. தலைகளை எண்ணினால், ஏறத்தாழ 22 பேரைத் தீவிரமாக எழுப்பியதற்கு ஒருவர் நல்ல நிலையை இழந்தார். இது படுக்கைக்குத் திரும்பச் சொல்லும் முடிவும் அல்ல, ஏனெனில் வழக்கமான கவனிப்பிலும் பெரும்பாலோர் முதல் நாளிலேயே எழுப்பப்பட்டார்கள். எழுப்புவதா வேண்டாமா என்ற கேள்வி, எவ்வளவு, எத்தனை முறை என்று மாறியது.

இங்கே ஒரு மறுப்பு எழும்: ஆஷரின் கண்ணும் டல்லஸ் உடலியலும் படுக்கையின் கேட்டை முன்பே காட்டிவிட்டனவே, புள்ளியியல் புதிதாக என்ன சொன்னது? அவை ஐயத்தைச் சரியாக எழுப்பின என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் படுக்கை கெடுதி என்ற அதே உடலியல்தான், பக்கவாத நோயாளியை உடனே தீவிரமாக எழுப்பினால் நல்லது என்ற எதிர்பார்ப்பையும் வளர்த்தது. ஒப்பீடு அதைத் திருத்தியது. காரணம் தெரிவது வேறு, எவ்வளவு என்று தெரிவது வேறு. இரண்டாவது மறுப்பு கனமானது: இயன்முறை சிகிச்சையில் எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதை நோயாளியிடம் மறைக்க முடியாது, படுத்தவருக்குத் தான் படுத்தது தெரியும், அப்படியிருக்க அவர் சொல்லும் வலி மதிப்பெண்ணை எப்படி நம்புவது? உண்மைதான். இந்தக் குறையை எந்தக் கணக்கும் முழுக்கக் கழுவாது. அதனாலேயே யார் அளந்தார், எதை அளந்தார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பக்கவாத ஆய்வில் முடிவை மதிப்பிட்டவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. நம்பிக்கை இடைவெளி தற்செயலின் அளவை மட்டுமே சொல்லும், ஒருதலைச் சாய்வை அது அளக்காது. எண்ணை நன்றாக வாசிப்பவர் எண் பேசாத இடத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு சிகிச்சை அறையிலிருந்து வருவது: எண்கள் சராசரியைப் பற்றிப் பேசுகின்றன, என் முன்னால் இருப்பதோ ஒரே ஓர் ஆள். அந்த ஓர் ஆளுக்காகத்தான் அளவும் இடைவெளியும் தேவைப்படுகின்றன என்பது என் பதில். பலிக்கும், பலிக்காது என்ற தீர்ப்பை அவரிடம் ஒப்பித்தால், அவர் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரண்டரை நாள் முன்னதாக வேலைக்குப் போகலாம், வலி தணிவதில் வேறுபாடு எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னால், தன் கூலி, வீடு, அச்சம் எல்லாவற்றையும் வைத்து அவரே எடைபோடலாம். நோயாளி பொருட்படுத்தும் மிகச் சிறிய மாற்றம் எவ்வளவு என்ற கேள்வியை, கனடாவின் ரோமன் யேஷ்கேவும் கோர்டன் கயாட்டும் ஜோயல் சிங்கரும் 1989இல் முறையாக எழுப்பினார்கள். அதற்குப் பிறகு, சிகிச்சையின் செலவையும் சிரமத்தையும் நோயாளியிடமே சொல்லி, இவற்றுக்கு ஈடாக எவ்வளவு பயன் வேண்டும் என்று கேட்கும் ஆய்வுகளும் இயன்முறை மருத்துவத்தில் வந்தன. அந்த எல்லையை இடைவெளியின் மேல் வைத்துப் பார்த்தால் நிலைமை விளங்கும்: இடைவெளி முழுவதும் எல்லைக்கு மேலிருந்தால் ஊக்கமாகச் சொல்லலாம், முழுவதும் கீழிருந்தால் விட்டுவிடலாம், நடுவே வெட்டிச் சென்றால் இன்னும் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லலாம்.

2022இல் இயன்முறை மருத்துவ இதழாசிரியர்களின் உலக அமைப்பு, கருதுகோள் சோதனையின் ஆம், இல்லை தீர்ப்பை விட்டு, விளைவின் அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் தருமாறு ஆய்வாளர்களுக்குப் பரிந்துரைத்தது. நெய்மனின் கருவி பிறந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுக்குப் பின், கார்ட்னரும் ஆல்ட்மனும் எழுதி முப்பத்தாறு ஆண்டுக்குப் பின். இவ்வளவு தாமதம் ஏன் என்று புரிந்துகொள்ளப் படுக்கையின் கதையே போதும். ஓய்வும் 0.05உம் பிறந்த இடத்தில் நியாயமானவை: ஒன்று சீழ் பிடித்த மூட்டுக்கு, மற்றது எந்த முடிவைத் துருவுவது என்று பொறுக்க. இரண்டும் யோசிக்கும் பாரத்தைக் குறைத்ததால் தம் எல்லையைக் கடந்து பரவின. அவற்றுள் ஒன்றை இயன்முறை மருத்துவம் கைவிட்டுவிட்டது. மற்றதைக் கைவிடுவது இன்னும் கடினம், ஏனென்றால் அது அறிவியலின் உடையில் வருகிறது. ஆய்வுத்தாளைக் கையில் எடுக்கும் ஒவ்வோர் இயன்முறை மருத்துவரும் பி மதிப்பைத் தேடும் முன் இரண்டரை நாளையும் 22இல் ஒருவரையும் தேடினால், கட்டிலிலிருந்து எழுந்து தன் முன் நிற்பவருக்கு உண்மையான பதில் ஒன்றைச் சொல்ல முடியும்.